மூக்குவழிச் சொந்தம்

உலகத்தில் தனியாள் என்று ஒருவர்கூடக் கிடையாது. இருந்தால் கூட்டி வாருங்கள். மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டு, ஒரு டீ ஆறுவதற்குள் அவருக்கு ஒரு சொந்தம் கண்டுபிடித்துத் தரப்படும். ஞானிகள் பல்லாயிரம் ஆண்டாகச் சொல்லிப் பார்த்தும் நிரூபிக்காமல் விட்டுப்போன இந்த உண்மையை நிரூபிக்கும் பொறுப்பு, வேறு ஆள் அகப்படாத காரணத்தால், தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு இருந்த திரவியராஜின் தலையில் விழுந்திருந்தது.

இதைச் சொன்னதும் திரவியராஜ்தான். கேன்டீனில் உளுந்தவடையைப் பிட்டுக்கொண்டு, முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல் சொன்னான்.

எதிர் மேசையில் இருந்த சிஸ்டர் எப்சிபா, "வடையத் தின்னுடே, ஆறுது" என்றாள்.

"நம்பலியா சிஸ்டர்?"

"நம்புதேன். எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி."

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பெருந்தொற்றுகள் இரண்டு மூன்று வந்து போன பிறகு நாட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. பஸ் நிலையம், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று ஆள் கூடுகிற எல்லா வாசலிலும் ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். அதன் வாயில் ஒரு ஊது ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊரில் யார் மூச்சில் என்ன கிருமி என்பது கம்பத்துக்குத் தெரியும். கம்பம் பெட்டிக்குச் சொல்லும்.

ஆய்வகத்தில் பெட்டிகள் இரண்டு. பழைய பெட்டியில் சளிக்குச்சியைப் போட்டால் என்ன வைரஸ் என்று மட்டும் சொல்லும். புதுப் பெட்டி அதோடு நிற்காது. யாரிடமிருந்து வந்தது என்று பெயரும் சொல்லும். ஒரே மூக்கில் இரண்டு குச்சி எடுத்து, ஒன்றை இதிலும் மற்றதை அதிலும் போட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றனவா, புதுப் பெட்டி சொல்லும் பெயர் சரிதானா என்று ஒப்பிட்டு அறிக்கை எழுதுவதுதான் திரவியராஜின் வேலை. அறிக்கை நன்றாக வந்தால் ஆஸ்பத்திரி புதுப் பெட்டியை வாங்கும். இல்லையென்றால் அது வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். எப்படியானாலும் அவனுடைய ஒப்பந்தம் அதோடு முடியும்.

பெட்டியால் ஊரில் நடந்த கூத்துகளை அவன் சேர்த்து வைத்திருந்தான். மூன்றாம் மாடியில் ஒரு தனி வார்டு உண்டு. சிறுநீரகம் மாற்றியவர்கள், ரத்தப் புற்றுநோய்க்காரர்கள் என்று எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்கு இருமல் வந்தால் அங்கே போடுவார்கள். பார்க்க வருகிறவர் புதிதாக ஒரு கிருமியைக் கொண்டு வந்தால் நோயாளி பிழைப்பது கஷ்டம். அதனால் ஒரு விதி வைத்தார்கள். நோயாளியிடம் இருக்கும் அதே வைரஸ் தன் மூக்கிலும் இருந்து, வேறு எதுவும் இல்லையென்றால்தான் பார்வையாளர் பாஸ். அதாவது, நோயைக் கொடுத்தவர் வரலாம். நோயாளியிடமிருந்து வாங்கிக்கொண்டவரும் வரலாம். மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று கை காட்டலாம்.

டாக்டர்கள் இதை ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைத்துத்தான் கொண்டுவந்தார்கள். ஊர் அதை உறவுமுறையாக எடுத்துக்கொண்டது. கொடுத்தவர் பார்க்க வந்தாக வேண்டும், அதுவும் வெறுங்கையோடு வரக்கூடாது, ஊர்ப் பலகாரமான மக்ரூனோடு வர வேண்டும் என்று, பெட்டி சோதனைக்கு வந்த ஒரே வருஷத்தில் சம்பிரதாயம் உண்டாகிவிட்டது. 'சளியக் கொடுக்கத் தெரிஞ்சுது, ஒரு பாக்கெட் மக்ரூன் கொடுக்கத் தெரியலியோ' என்று கண்ணாடிக்கு வெளியே குடும்பங்கள் சண்டை போட்டன. பேச்சுவார்த்தை அறுந்துபோன சம்பந்திகள் மக்ரூனோடு வந்து கண்கலங்கினார்கள்.

வார்டில் படுத்திருந்த வாழைமண்டிப் பேச்சிமுத்துவின் மனைவி சந்தனமாரி ஒருநாள் திரவியராஜை நடைபாதையில் மறித்தாள்.

"தம்பி, அது எப்படிப் பேரச் சொல்லுது? மெஷினுக்குச் சாமி வருதா?"

"சாமியெல்லாம் இல்லக்கா. ஒங்க மண்டில வாழைத்தாரு கைமாறும்போது அவனவன் காம்புல ஒரு அடையாளம் கீறுவான்லா?"

"ஆமா."

"வைரஸும் அப்படித்தான். ஒவ்வொரு ஆளத் தாண்டும்போதும் ஒண்ணு ரெண்டு கீறல் விழும். கீறலப் பாத்தா எந்தக் கடையில இருந்து வந்த தாருன்னு தெரிஞ்சுபோகும்."

"எங்க வீட்டுக்காரருக்கு அவுக சம்பந்தி பேரு வந்துருக்கு. அந்த ஆளுக்குப் பாஸ் உண்டு. தாலி கட்டுன எனக்கு இல்லியா?"

"ஒங்க மூக்கு சுத்தமா இருக்கே. நான் என்ன செய்ய?"

மறுநாள் கழுவுவதற்காகப் போன தள்ளுவண்டியில் பேச்சிமுத்து குடித்து மீதி வைத்த காபித் தம்ளர் ஒன்று குறைந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து சந்தனமாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாஸ் ஜன்னலில் வந்து நின்றாள். பெட்டி கணவன் பெயரைச் சொன்னது. ஏதோ பட்டம் வாங்கினவள் மாதிரி தலை நிமிர்ந்து உள்ளே போனாள்.

கேன்டீனில் திரவியராஜுக்கு ஒரு வாரத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இப்படிப் பாஸுக்காக நோய் வாங்குகிறவர்களுக்கு 'தம்ளர் கட்சி' என்று பெயர் வைத்தான். கட்சிக்குக் கொடி, சின்னம், கொள்கை விளக்கம் எல்லாம் தயாரித்தான். "மனுசன் சந்திரன்ல வீடு கட்டுதான். இவுக எச்சித் தம்ளர நக்குதாவ. அறிவுள்ளவன் எவனாச்சும் காசில்லாமக் கிடைக்குன்னு சளிய வாங்குவானா சிஸ்டர்?"

"ஒனக்கு என்னடே தெரியும்? ஒனக்குத்தான் சளியே புடிக்காதே."

அது உண்மை. திரவியராஜுக்குச் சளி பிடித்ததில்லை. கல்லூரிச் சுற்றுலாவில் பஸ் முழுவதும் காய்ச்சலில் படுத்தபோது அவன் ஒருவன்தான் கிண்ணென்று இறங்கி வந்தான். அவனுக்குப் பக்கத்து இருக்கையில் அவன் பைதான் உட்கார்ந்திருந்தது. இப்போது தங்கியிருக்கும் லாட்ஜ் அறையிலும் அவனும் பையும்தான். இதைப் பற்றி அவனுக்குக் குறை ஒன்றும் இல்லை. தன் மூக்கை ஒரு தேசியச் சொத்தாகவே கருதி வந்தான்.

இஞ்ஞாசி மிராந்தா வந்து சேரும்வரை ஒப்பீடு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. முன்னூற்றுச் சொச்சம் மூக்குகள். இரண்டு பெட்டிகளும் மாமன் மச்சான் போல ஒத்துப்போயின. சொன்ன பெயர்களும் விசாரித்தபோது சரியாகவே இருந்தன.

இஞ்ஞாசி ஜன்னலோரப் படுக்கைக்காரர். ஐம்பது கடந்த மனிதர். சிறுநீரகம் மாற்றியதால் துறைமுகத்தில் இறங்கி வேலை பார்க்க முடியாமல், வீட்டிலிருந்தே கேமராவில் கன்டெய்னர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்திருந்தார்கள். பொழுதெல்லாம் திரை. சாப்பாடு கதவுக் கைப்பிடியில் வந்து தொங்கும். மாத்திரையும் அப்படித்தான். மனைவி இறந்து வெகுகாலம். பிள்ளை இல்லை.

பழைய பெட்டி, அவருக்குச் சாதாரணச் சளி வைரஸ் என்று சொன்னது. புதுப் பெட்டியும் அதையே சொன்னது. பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் 'ஆள் இல்லை' என்று போட்டது.

திரவியராஜ் மறுபடி குச்சி எடுத்தான். ஆள் இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தான். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினான். ஆள் இல்லை.

பார்வை நேரம் சாயங்காலம். அதற்கு முன்னால் இஞ்ஞாசி முகம் கழுவி, தலையைப் படிய வாரி, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்வார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பக்கத்துப் படுக்கையில் பேச்சிமுத்துவும் சந்தனமாரியும் ஒருவர் மேல் ஒருவர் தும்மியபடி மண்டிக் கணக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். இஞ்ஞாசி கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மணி அடித்ததும் மேல் பித்தானைக் கழற்றிவிட்டுப் படுப்பார். சிஸ்டர் எப்சிபாவிடம் சொல்லி ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கி, தலைமாட்டில் வைத்திருந்தார்.

"என்னத்துக்கு அங்கிள்? வாரவுகதானே கொண்டு வரணும்?" என்று கேட்டான் திரவியராஜ்.

"எனக்குக் கொடுத்தவரு வந்தா அவரு கொண்டு வருவாரு. நான் யாருக்காச்சும் கொடுத்திருந்தா, அவுக வரும்போது நான்தானே கொடுக்கணும்? எதுக்கும் இருக்கட்டும்னு வச்சிருக்கேன். யார் பேராச்சும் வந்துச்சா தம்பி?"

"இன்னும் இல்ல அங்கிள். பெட்டி பாத்துக்கிட்டு இருக்கு."

"மெதுவாப் பாக்கட்டும்." குச்சிக்கு வாகாக முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார். எல்லா நோயாளிகளும் குச்சியைக் கண்டால் தலையைப் பின்னுக்கு இழுப்பார்கள். இவர் மட்டும் முன்னால் வருவார். ஒருநாள், குச்சி எடுத்து முடிந்தும், "அந்த மூக்குல எடுக்கலியே?" என்று கேட்டார்.

திரவியராஜுக்குக் கோபம் வந்தது. பெட்டி மேலேயா, மனிதர் மேலேயா என்று அவனுக்கே தெரியவில்லை. அறிக்கையில் ஒரே ஒரு மூக்கு இடறுகிறது. உலகத்தில் தனியாள் கிடையாது என்று கேன்டீன் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இவரோ கழுத்துவரை பித்தான் போட்டுக்கொண்டு கதவைப் பார்க்கிறார்.

குச்சிகளைத் தூக்கிக்கொண்டு நுண்ணுயிர்த் துறை டாக்டர் மஹ்மூதாவிடம் போனான். காயல்பட்டினத்துக்காரர். மிச்சமிருக்கும் வார்த்தைகளைச் சேமித்து வைக்கிறவர் மாதிரி பேசுவார்.

"மேடம், புதுப் பெட்டி தப்பு விடுது. கொடுத்தவர் இல்லாம ஒரு சளி எப்படி வரும்? ஆகாசத்துல இருந்தா?"

அவர் வைரஸின் மரபணு வரிசை முழுவதையும் திரையில் விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"நீ வாழைத்தார்க் கதை சொல்வியாமே. சிஸ்டர் சொன்னா."

"ஆமா மேடம்."

"இந்தத் தார்ல கீறல் எவ்வளவு இருக்குன்னு பாரு. காம்பே தெரியல. ஆனா எல்லாம் ஒரே கைக் கீறல்."

"புரியல."

"நமக்குச் சளின்னா ஒரு வாரம். அதுக்குள்ள வைரஸ் இன்னொரு ஆளுக்குத் தாண்டிரும், இல்ல செத்துரும். இவருக்கு எதிர்ப்புச் சக்தியக் குறைக்க மாத்திரை கொடுக்கிறோம். அதனால அது போகவே இல்ல. மாசக்கணக்கா இவருக்குள்ளேயே குடியிருந்து, இவருக்குள்ளேயே மாறி மாறி வயசாகியிருக்கு. யாரு கொடுத்தாங்களோ. பார்சல் மாட்டிட்டுப் போன ஆளா இருக்கலாம். அந்த மூலச் சரக்கோட இப்ப எந்த ஒற்றுமையும் இல்ல. பெட்டியால பொருத்த முடியாது."

"சரி. அப்போ இவர்கிட்ட இருந்து வாங்கினவங்க? அவங்க பேராச்சும் வரணுமே. இத்தனை மாசத்துல ஒருத்தருக்குக்கூடவா கொடுக்கல?"

"கொடுக்கணும்னா ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காரணும்லா, திரவியம்."

திரவியராஜ் கையிலிருந்த குச்சிகளை மேசைமேல் வைத்தான்.

"பெட்டி சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றார் மஹ்மூதா. "ஆள் இல்லை. எழுதிக்கோ. உன் ஒப்பீடு நூத்துக்கு நூறு."

"சந்தோசம் மேடம்," என்றான் திரவியராஜ். குரலில் அது தென்படவில்லை. எழுந்து கதவுவரை போனான்.

"உனக்குக் கடைசியா எப்போ சளி புடிச்சுது?"

"எனக்கா? புடிச்சதே இல்ல மேடம்."

"அத எதிர்ப்புச் சக்தின்னு நினைச்சுக்கிட்டு இருக்கியாக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று கேன்டீனில் திரவியராஜ் வடையைப் பிட்டுக்கொண்டே சுற்றிலும் பார்த்தான். அவன் உட்கார்ந்திருந்த மேசையில் மூன்று நாற்காலிகள் காலியாக இருந்தன. எப்போதும் காலியாகத்தான் இருந்தன போலும்.

அறிக்கை முடிந்தது. ஆஸ்பத்திரி புதுப் பெட்டியை வாங்க முடிவு செய்தது. இனிமேல் குச்சி எடுப்பதும் பெட்டியின் கையே செய்துகொள்ளும். ஒப்பந்தத்தின் கடைசி நாளில் அவனுக்கு ஒரே ஒரு மூக்கு பாக்கி இருந்தது.

காலையிலேயே ஒரு காரியம் செய்தான். தன் மூக்கில் இரண்டு குச்சி எடுத்து இரண்டு பெட்டியிலும் போட்டான். பழைய பெட்டி ஒன்றும் இல்லை என்றது. புதுப் பெட்டியும் ஒன்றும் இல்லை என்றது. அந்தச் சீட்டைக் கொண்டுபோய் மஹ்மூதாவின் மேசையில் வைத்தான். அவர் சீட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"வேற எங்கயும் சுத்தாம நேரா வார்டுக்குப் போ," என்று மட்டும் சொன்னார்.

வார்டில் பேச்சிமுத்து வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். அந்தப் படுக்கையின் விரிப்பு புதிதாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. இஞ்ஞாசி முகத்தை நிமிர்த்திக் கொடுத்தார். குச்சி எடுத்தான்.

"யார் பேராச்சும் வந்துச்சா தம்பி?"

இந்தக் கேள்விக்கு அவன் தினமும் ஒரே பொய்யைச் சொல்லி வந்திருந்தான். இன்று சொல்ல வரவில்லை.

"இல்ல அங்கிள். வராது. பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்குக் கொடுத்தவரும் இல்ல, வாங்கினவரும் இல்ல."

இஞ்ஞாசி தலையை ஆட்டினார். புதுச் செய்தியைக் கேட்டவர் மாதிரி இல்லை.

"எதாச்சும் ஒரு பேரு எழுதிரக்கூடாதா தம்பி? கேக்கத் தப்புதான். ஊருல எத்தன பேரு இருக்காவ. அந்தோணின்னு போட்டா யாராச்சும் ஒரு அந்தோணி வந்துட்டுப் போவான்."

"பெட்டி ஒத்துக்கிடாது அங்கிள்."

"அதுவும் சரிதான்." தலைமாட்டிலிருந்து மக்ரூன் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "அப்போ இத நீங்க கொண்டு போங்க. இனிமே வச்சிருந்தா நமுத்துப்போகும். ரூமுல போயித் தின்னுங்க."

திரவியராஜ் பாக்கெட்டை வாங்கினான். பிரித்தான். ஒரு மக்ரூனை எடுத்து அவரிடமே கொடுத்தான்.

"நீங்க முதல்ல கடிங்க."

"நானா?"

"பாதி."

இஞ்ஞாசி அவனை உற்றுப் பார்த்தார். பிறகு மெதுவாக, பாதிக்குச் சரியாக, கடித்தார். துகள் சட்டைமேல் உதிர்ந்தது. திரவியராஜ் முகமூடியைக் கழற்றிக் காதில் தொங்கவிட்டான். முதல் தடவையாக அந்தப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தான். மிச்சப் பாதியை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏ, தம்பி! இது சளிலா!"

"இனிப்பு கொஞ்சம் தூக்கல்," என்றான் திரவியராஜ்.

இருவரும் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் கிரேன்களைப் பார்த்தார்கள். எந்தக் கன்டெய்னர் எந்த ஊருக்குப் போகிறது என்று இஞ்ஞாசி சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் இரண்டு முறை தும்மினார். முதல் முறை கையால் மூடிக்கொண்டார்.

சிஸ்டர் எப்சிபா கண்ணாடிக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. லாட்ஜ் அறையில் படுத்து மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். தேசியச் சொத்து பழைய கர்வத்திலேயே இருந்தது. அறைக்குள் யாரையும் விடவில்லை. விடுவதற்கு யாரும் வரவும் இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. வாழ்நாள் முழுக்கப் பெருமைப்பட்ட ஒரு பொருளைப் பார்த்து, "சை, என்ன மூக்கு இது" என்றான். மூன்றாம் நாள் விடிகிற நேரம் தொண்டையில் லேசாக ஒரு முள் குத்தியது. எழுந்து உட்கார்ந்து எச்சில் விழுங்கிப் பார்த்தான். மறுபடியும் குத்தியது. பயந்து பயந்து இன்னொரு தரம் விழுங்கினான்.

சாயங்காலம் பாஸ் ஜன்னலில் வரிசை நின்றது. ஆளுக்கொரு கைக்குட்டை. முன்னால் சந்தனமாரி நின்றுகொண்டிருந்தாள். பேச்சிமுத்துவுக்கு மறுபடி இருமல், மறுபடி அதே வார்டு. திரும்பிப் பார்த்தாள். வடிகிற மூக்கைப் பார்த்தாள். கையில் இருந்த மக்ரூன் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, தம்ளரா?"

திரவியராஜ் யோசித்தான். "மக்ரூன்," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. ஓரமாக நகர்ந்து, தன் பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள். "இங்கன நில்லுங்க. அங்க வெயில் அடிக்கி."

ஜன்னலில் இருந்தவர் கை காட்ட, புதுப் பெட்டி தன் கையாலேயே அவன் மூக்கில் குச்சி எடுத்துக்கொண்டது. அதன் வேகம், துல்லியம், நம்பகத்தன்மை எல்லாவற்றையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். வழியில் ஏதாவது கீறல் மாறியிருந்தால்? 'ஆள் இல்லை' என்று போட்டுவிட்டால்?

திரையில் எழுத்து வந்தது.

கொடுத்தவர்: இஞ்ஞாசி மிராந்தா. வேறு கிருமி இல்லை.

"நோயாளிக்கு நீங்க என்ன முறை வேணும்?" என்று ஜன்னல்காரர் கேட்டார்.

"வாங்கினவன்," என்று சொல்லிவிட்டுத் திரவியராஜ் தும்மினான். நடைபாதைக் கடைசிவரை கேட்டது அந்தத் தும்மல்.

அங்கே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரப் படுக்கையில் ஒருவர் சட்டென்று எழுந்து உட்கார்ந்து சீப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.